கெம்பஸ் கடிதம் வந்தால் அனுப்பி வையுங்கள்

(வஹகோட்டையில் உயர்தர மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விறகும் துணியும் அப்படியே கிடக்க, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

"படிக்க வைத்து என்ன பயன்? பட்டம் எடுத்தவர்களே வேலை கேட்டு ரோட்டில் நிற்கிறார்களே!" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். அது பொய் இல்லை. பட்டம் எடுத்த மறுநாளே வேலை கிடைக்கும் என்று நாங்கள் வாக்குத் தரமாட்டோம். ஆனால் கெம்பஸ் எங்களுக்கு என்ன தந்தது என்று சொல்ல முடியும்.

மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு, கண்டியிலிருந்து பேராதனைக்கு. ஒரு துணிப்பையோடு போய் இறங்கினோம். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து படித்த எங்களுக்கு, விடுதியில் ஆளுக்கு ஒரு மேசை கிடைத்தது. முதல் நாள் அந்த மேசையைத் தடவிப் பார்த்தோம். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தது. முதல் சில மாதங்கள் பாதி விளங்கவில்லை. யாழ்ப்பாணத்து நண்பன் குறிப்பெழுதித் தந்தான். மட்டக்களப்புத் தோழி விளங்கப்படுத்தினாள். குருநாகல் சிங்கள நண்பன் எங்களிடம் தமிழ் கற்றான். நாங்கள் அவனிடம் சிங்களம் கற்றோம். ஊருக்குப் போய்வரும்போது அம்மா கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் அன்று இரவே அறை அறையாகப் போய்த் தீர்ந்துவிடும். இன்றும் நினைத்தால் வாய் ஊறுகிறது.

பேராதனையில் ஒரு விடுதிக்கு அருணாசலம் என்று பெயர். அவர் யார் என்பதை நூலகத்தில்தான் தெரிந்துகொண்டோம். 1906இல் இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவரே 1919இல், கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞரான நமது பெரி. சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலச் சங்கத்தையும் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு வேண்டும். கடனோடு ஆளும் கைமாறுவார். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. பெரி. சுந்தரம் 1931இல் நாட்டின் முதலாவது தொழில் அமைச்சரானார். பல்கலைக்கழகம் கேட்டவரும் தொழிலாளிக்காகப் பேசியவரும் ஒரே ஆள்! நம் கதை அந்த நூலகத்தில் இருந்தது. தேடிப் படிக்க நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டியிருந்தது.

படித்துத் திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை கடிதம் வாசித்ததுதான். சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், தொழில் தருபவர் 12 வீதம் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டார்களா என்று கேட்டு எழுதவும், வரும் பதிலை வாசித்து மறுபடி கேட்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குள் சேரவில்லை. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாம் பிந்தித்தான் ஓடத் தொடங்கினோம். இன்னொன்றையும் கவனியுங்கள். பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இடம் பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு. மாத்தளை இல்லை. நம் பிள்ளைகள் நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு நேருக்கு நேர் போட்டி போடுகிறார்கள். ஆகவே சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த இரண்டு வருடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல உண்டு, பர்சரி உண்டு. ஆனால் அந்தக் காசு முதல் மாதமே கைக்கு வராது. பஸ் காசு, சாப்பாடு, உடுப்பு, மெத்தை என்று செலவு முன்னால் நிற்கும். அந்த இடத்தில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. பதிவு நாளைத் தவறவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும். எனவே ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் சங்கக் கிளை ஒரு சீட்டுத் தொடங்கட்டும். முதல் சீட்டு, குலுக்காமலே, கெம்பஸ் போகும் பிள்ளையின் வீட்டுக்குப் போகட்டும். காதில் கிடக்கும் தோட்டை அடகு வைக்க வேண்டாம்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமா? முதலாம் ஆண்டில் பெரும்பாலும் விடுதி கிடைக்கிறது. முதல் நாள் உங்களோடு நாங்களும் பஸ்ஸில் வருகிறோம்.

பிள்ளைகளே, போய்ப் படியுங்கள், சிரியுங்கள், நண்பர்களைச் சேருங்கள். லயத்தில் பிறந்ததை அங்கே மறைக்காதீர்கள்.

இந்த வருடம் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்களைப் போகும் முன் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சீட்டுக்கு எங்கள் பெயரை முதலில் எழுதிவிட்டோம்.