மணாலிக்குப் பனி பார்க்கப் போகும் முன்...



ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் மட்டுமே பார்த்துப் பழகிய நம் மக்களுக்குப் பனி என்றால் தனி ஆசை. கேமரன் மலையின் குளிரே நமக்குப் பெரிய குளிர். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், "இந்தத் தடவை பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டிவிட வேண்டும்" என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிடும். சுவிட்சர்லாந்து என்றால் செலவு மலைக்க வைக்கிறது. ஜப்பான், கொரியா என்றால் பாட்டிக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை. அப்போது கண்ணில் படுகிற ஊர்தான் இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில், பியாஸ் நதிக்கரையில் இருக்கும் மணாலி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

போக வேண்டிய ஊர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால், எப்படித் திட்டமிட்டுப் போவது என்பதில்தான் மகிழ்ச்சியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

கிள்ளானிலிருந்து ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், எழுபது வயதுப் பாட்டி. ஆறு நாள் பயணம். முதல் நாள் டில்லி, அன்றிரவே பேருந்து, மறுநாள் காலை மணாலி, அடுத்த நாள் சோலாங், அதற்கடுத்த நாள் சிம்லா, பிறகு டில்லி, அங்கிருந்து நேரே விமான நிலையம். தாளில் பார்க்க அழகாக இருக்கிறது. இதில் ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்? வீடு திரும்பும் விமானம் போய்விடும். குளிர்கால மலைப் பயணத்தில் ஒரு நாள் தவறுவது அபூர்வமான காரியமல்ல.

பனி எப்போது விழும்?

டிசம்பர் பிறந்தால் மணாலி முழுவதும் வெண்மையாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பனி எந்த நாட்காட்டியையும் பார்த்து விழுவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகரும் காற்றழுத்தச் சலனங்கள் இமயத்தை மோதும்போதுதான் அங்கே பனி பொழிகிறது. அந்தச் சலனம் ஒரு வாரம் முன்னதாக வரலாம்; ஒரு மாதம் தள்ளியும் வரலாம். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கிலேயே பனிச்சறுக்குச் சரிவுகள் வெறும் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. இமாச்சலத்திலும் அந்த மாத இறுதி வரை வறட்சிதான். அதே ஆண்டு டிசம்பரிலோ கிறிஸ்துமஸுக்கு முன்பே பனி கொட்டியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட சாலைகள் மூடப்பட்டன.

பொதுவாகப் பார்த்தால், ஊருக்குள் பனியைக் காணும் வாய்ப்பு டிசம்பரை விட ஜனவரியிலும் பிப்ரவரி முற்பகுதியிலும் கூடுதல். பள்ளி விடுமுறையை மாற்ற முடியாதவர்கள் டிசம்பரில் போகலாம், தவறில்லை. ஆனால் ஊருக்குள் பனி இல்லையென்றால் உயரமான இடத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அந்த உயரமான இடத்துக்கு இப்போது வழி எளிதாகியிருக்கிறது. 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மலையைக் குடைந்து செல்கிறது. முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயில் பனி மூடிவிட்டால், அப்பால் இருக்கும் லாஹுல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடக்கும். இப்போது சுரங்கத்தைக் கடந்தால் சிசு என்ற கிராமம். ஊருக்குள் பனி இல்லாத நாளிலும் அங்கே இருக்க வாய்ப்புண்டு.

சாலைதான் முதலாளி

வழி எளிதானதால் கூட்டமும் பெருகிவிட்டது. 2024 டிசம்பர் 27ஆம் நாள் கடும் பனிப்பொழிவில் சோலாங் பகுதியில் ஏறக்குறைய ஆயிரம் வாகனங்கள் சிக்கின. ஐயாயிரம் பேர் வரை போலீசார் மீட்டார்கள். அது நல்லபடியாக முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை.

பாகிஸ்தானில், இஸ்லாமாபாத்துக்கு அருகே முர்ரி என்றொரு மலைவாசத் தலம் இருக்கிறது. 2022 ஜனவரி 7ஆம் நாள் பனி பார்க்கப் பல்லாயிரம் பேர் காரில் கிளம்பினார்கள். இரவில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. சாலை அடைபட்டு, கார்கள் பனியில் புதைந்தன. விடிவதற்குள் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் காருக்குள்ளேயே இறந்து போனார்கள். குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணம் புகை. குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொள்ள, வெளியேற வழியில்லாத நச்சு வாயு காருக்குள் புகுந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போல் வந்து உயிரைக் கொண்டு போய்விடும்.

ஆகவே, பனியில் வண்டி நின்றுவிட்டால் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். இயந்திரத்தை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். கண்ணாடியைச் சற்றே இறக்கி வைக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

வாடகை வண்டியும் உள்ளூர் ஓட்டுநருடையதாக இருக்கட்டும். டில்லியிலிருந்து வரும் ஓட்டுநருக்குச் சமவெளிச் சாலை கைவந்ததாக இருக்கலாம். ஆனால் கண்ணாடி போல் உறைந்து கிடக்கும் மலைச்சாலை வேறு. பனி விழுந்த நாட்களில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளை மட்டுமே போலீசார் மேலே விடுவதுண்டு. "இன்று போக முடியாது" என்று உள்ளூர்க்காரர் சொன்னால், கொடுத்த காசை நினைத்து வாதாடக் கூடாது.

பியாஸ் நதியோரச் சாலையின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் வந்த வெள்ளத்தில் அந்த நெடுஞ்சாலை பல இடங்களில் அரித்துப் போனது. எனவே இரவுப் பேருந்தைத் தவிர்த்துப் பகலில் பயணம் செய்வதே உத்தமம்.

ஒன்பது நாள் கணக்கு

அப்படியானால் நல்ல திட்டம் எப்படி இருக்கும்? ஆறு நாளை ஒன்பது நாளாக்குங்கள். ஒன்பது நாள் முடியாதென்றால் ஊரைக் குறையுங்கள்; சிம்லா அல்லது மணாலி, ஏதாவது ஒன்று.

முதல் நாள் டில்லி வந்து ஓய்வு. இரண்டாம் நாள் காலை ரயிலில் கால்கா. அங்கிருந்து சிம்லாவுக்கு மலை ரயில். 1903இல் திறக்கப்பட்ட இந்த 96 கிலோமீட்டர் குறும்பாதை, நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து ஏறுகிறது. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுமார் ஐந்து மணி நேரம் மெதுவாக ஏறுவதால் உடம்பும் உயரத்துக்குப் பழகிக்கொள்கிறது. சிம்லாவில் இரண்டு இரவு தங்கி, நான்காம் நாள் விடிந்ததும் மணாலிக்குக் கார். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். முழுப் பகல் வேண்டும். மணாலியில் மூன்று இரவு. ஏழாம் நாள் சண்டிகார், எட்டாம் நாள் டில்லி.

ஒன்பதாம் நாள்? அதுதான் உபரி நாள். மலையில் சாலை அடைபட்டால் அது அங்கே செலவாகும். டிசம்பர், ஜனவரியில் டில்லியைக் கவ்வும் மூடுபனியில் ரயிலும் விமானமும் தாமதமானால் அது இங்கே செலவாகும். எதுவுமே நடக்கவில்லையென்றால் டில்லிக் கடைத்தெருவில் நிம்மதியாகச் செலவாகும். ஓர் இரவு விடுதிக் கட்டணம் கூடுதலாகிறதே என்று தயங்க வேண்டாம். ஆறு பேருக்கும் புதிதாக விமானச் சீட்டு வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

இந்திய ரயில்களில் இப்போது 60 நாட்களுக்கு முன்னர்தான் முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கடப்பிதழ், மின்விசா வேலைகளையும் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

அறையும் கணப்பும்

விடுதியை முடிவு செய்யும்போது சன்னல் வழியே மலை தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. அறைக்குள் சூடேற்றும் வசதி இருக்கிறதா, தனியாக வாடகை கட்ட வேண்டுமா? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா? வெந்நீர் நாள் முழுதும் வருமா? விடுதி வாசல் வரை கார் போகுமா, அல்லது பாட்டி வழுக்குப் படிகளில் ஏற வேண்டுமா?

கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு எக்காரணத்தாலும் தூங்கக் கூடாது. முர்ரியில் காருக்குள் உயிரைப் பறித்த அதே வாயு அதிலிருந்தும் வரும். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இதனால் உயிர்கள் போகின்றன.

உடலும் உடையும்

மணாலியின் உயரம் பெரும்பாலோர்க்குத் தொல்லை தராது. சிசுவுக்குப் போகும்போது தலைவலி, மூச்சு வாங்குதல், குமட்டல் வரலாம். வந்தால் கீழே இறங்குவதே மருந்து. இருதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் சிக்கினால் பெரிய பெட்டி வேறு வண்டியில் இருக்கக்கூடும்.

ஒரே ஒரு தடித்த கோட்டுக்கு இங்கே நிறையச் செலவழிப்பதை விட, உடலோடு ஒட்டும் உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்காக அணிவதே மேல். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும். பனியில் விளையாடும் கோட்டும் காலணியும் சோலாங் செல்லும் வழியிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. கையுறை, காலுறை மட்டும் இரண்டு மூன்று சோடி சொந்தமாக இருக்கட்டும்.

பனி இல்லாத நாளில்

பனி விழாத நாளும், சாலை மூடிய நாளும் வீண் நாளல்ல. மணாலியில் தேவதாரு மரங்களுக்கு நடுவே 1553இல் எழுப்பப்பட்ட இடும்பி கோயில் இருக்கிறது. பாரதக் கதையில் வீமனை மணந்து கடோற்கசனைப் பெற்ற அதே இடும்பிதான் அங்கே தெய்வம். பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வசிஷ்ட் கிராமத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கோதுமை மாவைப் புளிக்க வைத்து, பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சித்து என்ற பண்டத்தை நெய்யோடு சூடாகச் சாப்பிட்டுப் பாருங்கள். நம் கொழுக்கட்டைக்கு உறவுக்காரி போலிருக்கும்.

நேயர்களே, திட்டம் போடும்போது எங்கெல்லாம் போவது என்று எழுதுகிறோம். அந்தத் தாளிலேயே, பனி கடுமையானால் எந்த இடத்தை விட்டுவிடுவது என்பதையும் வீட்டிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சோலாங்கா, சிசுவா, சிம்லாவா? மலையில் நின்றுகொண்டு, பிள்ளைகள் அழ, ஓட்டுநர் அவசரப்படுத்த எடுக்கிற முடிவு பல நேரம் தவறாகிவிடும். சாப்பாட்டு மேசையில் நிதானமாக எடுத்த முடிவு அங்கே கை கொடுக்கும்.

பனி அடுத்த ஆண்டும் விழும். போன ஆறு பேரும் நலமாக வீடு திரும்புவதுதான் முக்கியம். விடுமுறை இனிதே அமையட்டும்.