தண்டோரா போட்டவரின் பெயர் என்ன?

(கடலூர் செம்மண்டலத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய வானொலி, தொலைக்காட்சிக் குரல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடிப்பதுதான் வழக்கம். சேரியில் பிறந்தவர்களுக்கு அந்தக் காலம் பொற்காலம் அல்ல. ஆனாலும் அந்தக் குரல்கள் எங்களுக்கும் பிரியமானவை. இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கடலூர், சிதம்பரம் பக்கம் வானொலியைத் திருப்பினால் எல்லாத் திசையிலிருந்தும் குரல் வரும். 1938இல் தொடங்கிய சென்னை நிலையம், 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம், 1967இல் வந்த புதுச்சேரி நிலையம். காலை ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசிப்பார். அந்தக் கம்பீரமான குரலைக் கேட்டுத்தான் பல வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். 2022 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, முகம் தெரியாத ஒருவருக்காக எத்தனை பேர் வருந்தினார்கள் என்று பார்த்தோம்.

தெற்கே கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி. தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் வலை பின்னிக்கொண்டே கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். மூச்சு விடாமல் பேசும் ராஜாவின் வேகத்தைப் போல் பேசிப் பார்க்காத பையன் அன்றைக்கு இல்லை. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்தது.

நம் நாட்டு வானொலி பக்கத்திலேயே இருக்கும்போது, கடல் தாண்டிய வானொலி எப்படி இவ்வளவு செல்வாக்குப் பெற்றது? இதற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. 1952இல் ஒன்றிய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குத் திரைப்பாட்டு என்றால் மட்டம். சாஸ்திரிய சங்கீதம்தான் மக்களைப் பண்படுத்தும் என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுகளுக்கு இடம் சுருங்கியது. உழைத்துக் களைத்தவர்கள் கேட்க விரும்பிய பாட்டை இலங்கை ஒலிபரப்பியது. கேட்பவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. எது உயர்ந்த இசை, எது தாழ்ந்த இசை என்று மேலிருந்து பிரித்த அந்த மனது நமக்குப் புதிதா என்ன? மனிதர்களை அப்படிப் பிரித்துப் பழகிய மனதுதான் அது.

இப்போது பெட்டி எங்கே இருந்தது என்று பார்ப்போம். முதலில் வந்தது பஞ்சாயத்து வானொலி. பஞ்சாயத்து அலுவலகமோ பூங்காவோ இருந்தது ஊரில். சேரி வேறு பக்கம். ஊரில் திண்ணையிலும் மேடையிலும் உட்கார்ந்து கேட்டார்கள். எங்கள் ஆட்கள் தள்ளி நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குத் தகுந்தாற்போல் கேட்டார்கள். சொந்தமாகப் பெட்டி வைத்துக்கொள்ள 1980கள் வரை அஞ்சலகத்தில் உரிமம் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கூலி நெல்லில் வயிறு கழுவுபவருக்கு அது எட்டாத சங்கதி. டிரான்சிஸ்டர் மலிந்த பிறகுதான் எங்கள் தெருவுக்குள் அந்தக் குரல்கள் வந்தன. யாருடைய அனுமதியும் இல்லாமல் வந்தன.

வந்த குரல் எங்களை எப்படிக் கூப்பிட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். 'அன்பார்ந்த நேயர்களே' என்றது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊரில், அறுபது வயதான என் பெரியம்மாவை ஆண்டை வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி 'ஏ... வாடி' என்று கூப்பிடுவான். அவர் 'வரேன் சாமி' என்று ஓடுவார். ஒரு முறை என் அண்ணன், நேயர் விருப்பத்துக்கு அவர் பெயரில் அஞ்சலட்டை எழுதிப் போட்டார். சில வாரம் கழித்து, வானொலியில் ஒரு பெண் அறிவிப்பாளர் பெரியம்மாவின் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் சொல்லி, பின்னால் 'அவர்கள்' என்று சேர்த்து வாசித்தார். என்ன பாட்டு என்பது யாருக்கும் நினைவில்லை. 'அவர்கள்' என்ற சொல் மட்டும் எங்கள் தெருவில் பல நாள் பேச்சாக இருந்தது.

அந்த அறிவிப்பாளருக்கு அது வழக்கமான வேலை. எல்லாருக்கும் அப்படித்தான் வாசித்திருப்பார். எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதுதானே நாம் கேட்பதும்? 1954 அக்டோபர் 3ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் பேசும்போது, தன் சமூகத் தத்துவம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களில் அடங்கும் என்றார். அவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். அதே வானொலி, தான் அறியாமலே, சில நிமிடமாவது அந்தச் சகோதரத்துவத்தை எங்கள் தெருவில் நடத்திக் காட்டியது. அந்தக் குரல்கள் மீது எங்களுக்கு இருக்கும் பிரியத்துக்கு இதுதான் காரணம்.

இனி இன்னொரு பக்கம். வானொலி எங்களை நோக்கிப் பேசியது. எங்களைப் பேச விட்டதா?

1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது. எந்த அளவுக்கு என்றால், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. உலகம் முழுக்க வானொலியின் சாதனையாகச் சொல்லப்படும் கதை இது. எத்தனை மூட்டை உரம், ஏக்கருக்கு எவ்வளவு மகசூல் என்றெல்லாம் வானொலி சொன்னது. அந்த நாற்றை நட்டவர்களும் கதிரை அறுத்தவர்களும் கூலி உயர்வு கேட்டார்கள். அதே தஞ்சை மாவட்டத்தில் 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல்லுக்கு ஒலிவாங்கி கிடைத்தது. அதை விளைவித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்காக அந்த ஒலிபரப்பாளர்களைக் குற்றம் சாட்ட நான் வரவில்லை. வயல் நிகழ்ச்சிகளிலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ.சுவாமிநாதன். அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப் பெருமாள்நத்தத்துக்காரர். நமக்குப் பக்கத்து ஊர். 'இன்று ஒரு தகவல்' சொல்லும்போது அவர் மேடைத் தமிழ் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். கிராமத்துப் பேச்சு வானொலிக்கு ஆகும் என்று அவர் காட்டினார். ஆனால் சேரிப் பேச்சு? 'சுத்தமான உச்சரிப்பு' என்ற அளவுகோலை வைத்துத்தான் ஒலிவாங்கிக்கு ஆள் எடுத்தார்கள். அது எந்தத் தெருவின் உச்சரிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

தொலைக்காட்சியும் இப்படித்தான். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. சோபனா ரவியின் செய்தி வாசிப்பை நம் அம்மாக்கள் இன்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் திரையில் வந்தால் கடலூர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நாளைக்கு விடுமுறை என்று. புயல் எந்தக் கரையைக் கடக்கும் என்று அவர் சொன்னது எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது யாருடைய கூரை பறந்தது என்பது ஒன்றாக இல்லை.

இவ்வளவு பெயர்களைச் சொன்னேன். உங்கள் ஊரின் முதல் அறிவிப்பாளர் யார் தெரியுமா?

வானொலிக்கு முன்பே, எல்லா ஊரிலும் ஓர் அறிவிப்பாளர் இருந்தார். வரி கட்டக் கடைசி நாள், ஏரியில் மீன்பிடி ஏலம், வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றையும் தெருத் தெருவாகச் சொன்னவர். சேரியிலிருந்து வந்தவர். தப்பை அடித்து, தொண்டை கிழியக் கத்தி, 'ஊர் மக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்குவார். மழை, வெயில், இரவு என்று பார்க்க முடியாது. அவருக்கும் கணீர் குரல் இருந்தது. சொல்ல வந்ததை நாலு வாக்கியத்தில் முடிக்கும் தேர்ச்சி இருந்தது. சேதி எல்லா வீட்டுக்கும் போனது, சொன்னவர் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது. அவருக்கு யாரும் ரசிகர் கடிதம் எழுதவில்லை. ஊர்க்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக்கூட நினைப்பதில்லை. 'வெட்டியான்' என்பதோடு சரி.

இந்த மண்ணில்தான் எல்.இளையபெருமாள், இழவுக்குப் பறையடிக்கும் சாதிக் கட்டாயத்தை எதிர்த்துப் போராடினார். காட்டுமன்னார்கோயில்காரர். பிறகு தீண்டாமை பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1969இல் அறிக்கை கொடுத்தவர். பறை என்ற கருவி வேறு, அதை அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேறு என்பதை அவர் போராட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டும். இன்று நாம் பறையை மேடையில் விரும்பி அடிக்கிறோம் என்றால், அன்று அவர்கள் மறுத்ததால்தான். தண்டோராவுக்கு எப்போது முடிவு வந்தது தெரியுமா? 2022 ஆகஸ்டில்தான். தண்டோரா இனித் தேவையில்லை, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சரோஜ் நாராயண்சுவாமி மறைந்த அதே மாதம். நாடு ஓர் அறிவிப்பாளருக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது, பெயரில்லாத ஆயிரம் அறிவிப்பாளர்களின் வேலை சத்தமில்லாமல் முடிந்தது.

குரலுக்கு ஆபத்தும் உண்டு. கே.எஸ்.ராஜா 1989இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். எல்லாருக்கும் பிடித்த குரலுக்கே அந்தக் கதி என்றால், யாருமே பதிவு செய்யாத குரல் என்னாகும்? அது இருந்த தடமே இருக்காது.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பாம்பனில் மீனவ மக்கள் 'கடல் ஓசை' என்று சொந்தமாகச் சமூக வானொலி நடத்துகிறார்கள். உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதைவிடச் சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. இந்த மாதமே உங்கள் ஊருக்குப் போங்கள். கடைசியாகத் தண்டோரா போட்டவர் உயிரோடு இருந்தால் அவரையும், இல்லையென்றால் அவர் பிள்ளைகளையும் பாருங்கள். தப்பை அடித்துக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். அவராக விரும்பினால் அடிக்கட்டும். பெயரைக் கேளுங்கள். என்ன கூலி கொடுத்தார்கள், எந்தத் தெருமுனையில் நிற்க வைத்தார்கள், எந்தச் சேதியைச் சொல்லும்போது குரல் உடைந்தது என்று கேளுங்கள். பதிவு செய்து வெளியிடுங்கள்.

வெளியிடும்போது அவர் முழுப் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். பின்னால் 'அவர்கள்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.