வெர்சாயில் கூடிய வாக்காளர்கள்

பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவரை வாக்குரிமை பெற்ற மக்கள் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இன்றைய வழக்கம் 1965ஆம் ஆண்டுத் தேர்தலில் தொடங்கியதுதான். அதற்கு முன்னர், 1879 முதல் 1953 வரை நடந்த 16 தேர்தல்களில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வெர்சாய் நகரத்து அரண்மனையில் ஒன்றாகக் கூடி, 14 பேரை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தன. அவர்களுள் ஜூல் கிரெவி, ஆல்பேர் லெப்ரன் ஆகிய இருவர் மட்டுமே இரண்டாம் முறையும் தேர்வு பெற்றவர்கள். ஏறத்தாழ 900 வாக்காளர்களே பங்குகொண்ட இந்தத் தேர்தல்களில், நாடறிந்த பெருந்தலைவர்கள் தோற்பதும், அவ்வளவாகப் பேசப்படாதவர்கள் வெல்வதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன. அதற்கான காரணம் அம்முறையின் பிறப்பிலேயே இருக்கிறது.

1848ஆம் ஆண்டுப் புரட்சியில் முடியாட்சி வீழ்ந்து இரண்டாம் குடியரசு அமைந்தபோது, தலைவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமா, சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. ஜூரா மாவட்டத்திலிருந்து வந்திருந்த வழக்கறிஞர் ஜூல் கிரெவி, மக்கள் வாக்கால் வரும் தலைவர் என்ற பதவியே வேண்டாம், மன்றத்தால் அமர்த்தப்பட்டு மன்றத்தாலேயே எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படக்கூடிய அமைச்சரவைத் தலைவர் ஒருவர் போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கவிஞரும் அரசியல் தலைவருமான லமார்த்தீன் மக்கள் வாக்குக்காக உருக்கமாக வாதாடினார். கிரெவியின் திருத்தம் பெரும்பான்மை வாக்குகளால் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில், மாமன்னர் நெப்போலியனின் தம்பி மகனான லூயி நெப்போலியன் போனபார்ட் ஏறத்தாழ 54 லட்சம் வாக்குகளை, அதாவது நூற்றுக்கு 74 பங்கை அள்ளிச் சென்றார். மக்கள் வாக்குக்காக வாதாடிய கவிஞருக்கோ நூற்றில் அரைப் பங்குகூடக் கிடைக்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1851 டிசம்பர் 2ஆம் நாள், அந்தத் தலைவர் படையைக் கொண்டு சட்டமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டே மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் முடிசூடிக்கொண்டார். மக்களின் நேரடி வாக்கைப் பெற்றவர் மன்றத்துக்கு அடங்கமாட்டார் என்ற அச்சம் பிரெஞ்சுக் குடியரசுவாதிகளின் மனத்தில் குடிகொண்டது இவ்வாறுதான்.

1870இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் அப்பேரரசு சரிந்தபின், 1871இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய மன்றத்தில் முடியாட்சியை விரும்பியவர்களே மிகுதியாக இருந்தனர். ஆயினும் எந்த அரச குடும்பத்துக்கு முடிசூட்டுவது என்பதில் அவர்கள் பிளவுபட்டுக் கிடந்தனர். பழைய அரச குடும்பத்தின் மூத்த கிளையின் வாரிசான ஷம்போர் கோமகனோ, மூவண்ணக் கொடியை ஏற்கமாட்டேன், முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அரசர் வரும்வரை இடத்தைக் காத்து வைக்கும் பொறுப்பு 1873இல் படைத்தளபதி மக்மஹோனிடம் ஏழாண்டுக் காலத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. அரசர் வரவே இல்லை; தற்காலிக ஏற்பாடாக வந்த ஏழாண்டு மட்டும் பிரெஞ்சுத் தலைவரின் பதவிக்காலமாக 21ஆம் நூற்றாண்டின் வாசல்வரை நிலைத்துவிட்டது. 1875 ஜனவரி 30ஆம் நாள், வரலாற்றுப் பேராசிரியரான ஹென்றி வாலோன் கொண்டுவந்த ஒரு திருத்தம், குடியரசின் தலைவரை மேலவையான செனட்டும் கீழவையான பிரதிநிதிகள் சபையும் தேசிய மன்றமாக ஒன்றுகூடி அறுதிப் பெரும்பான்மையால் தேர்ந்தெடுக்கும் என்று கூறியது. 353க்கு 352 என, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. மூன்றாம் குடியரசு சட்ட வடிவம் பெற்றது முழக்கத்தோடு அன்று. தேர்தல் விதி ஒன்றின் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான்.

இரு அவைகளும் 1879இல் பாரிசுக்குத் திரும்பிய பின்னரும், தலைவர் தேர்தலுக்கு மட்டும் வெர்சாய் அரண்மனையின் தெற்குச் சிறகில் 1875இல் கட்டப்பட்ட மன்ற மண்டபமே இடமாயிற்று. பதவிக்காலம் முடியுமுன் குறித்த காலத்தில் இரு அவைகளும் கூட வேண்டும். தலைவர் இறந்தாலோ பதவி விலகினாலோ எவருடைய அழைப்புக்கும் காத்திராமல் உடனே கூட வேண்டும் என்பது சட்டம். அதனால் 1894 ஜூன் 24ஆம் நாள் இரவு லியோன் நகரில் அப்போதைய தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டு மறைந்தபோது, 27ஆம் நாளே புதிய தலைவர் தேர்வாகிவிட்டார். அந்த மண்டபத்தில் மூன்றாம் குடியரசுக் காலத்தில் தலைமை வகித்தவர் செனட்டின் தலைவர். விவாதம் கிடையாது, வேட்புமனு என்ற ஒன்றும் கிடையாது, தகுதியுள்ள எந்தக் குடிமகனின் பெயரையும் சீட்டில் எழுதலாம். எந்த எழுத்திலிருந்து பெயர்களை அழைப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். அழைக்கப்பட்டவர் மேடையேறி, மடித்த சீட்டை வாக்குப் பெட்டியில் இடுவார். பல நூறு பேர் இப்படி ஒவ்வொருவராக ஏறி இறங்கி முடிய மணிக்கணக்கில் ஆகும். அறுதிப் பெரும்பான்மை, அதாவது செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்கு மேல், எவருக்கும் கிடைக்காவிட்டால் அத்தனையும் முதலிலிருந்து மறுபடி தொடங்கும். கடைசி இடத்தில் வந்தவரை விலக்கும் விதி எதுவும் இல்லை என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். அதன் விளைவு 1953இல் தெரியவந்தது.

அந்த மண்டபத்தில் தமிழ்நிலத்துக்கும் ஓரிடம் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியக் குடியேற்றங்களுக்கு 1875ஆம் ஆண்டின் சட்டம் செனட்டில் ஓர் இடம் அளித்தது. கீழவையிலும் ஓர் இடம் உண்டு. பிரெஞ்சுக் குடியரசுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளில் இரண்டு, இந்த வகையில், வங்கக் கடற்கரையின் பெயரால் பதிவாகும் உரிமை பெற்றிருந்தன.

1877இல் மக்மஹோன் கீழவையைக் கலைத்துத் தேர்தல் நடத்தியதும், வாக்காளர்கள் குடியரசுவாதிகளையே திருப்பி அனுப்பியதும், 1879இல் அவர் விலகியதும், அடுத்து வந்தவர்களுக்குப் பாடமாயின. அவருக்குப்பின் 563 வாக்குகளுடன் தேர்வு பெற்றவர், தலைவர் பதவியே வேண்டாம் என்று 1848இல் வாதிட்ட அதே ஜூல் கிரெவி. தேசத்தின் விருப்பத்துக்கு எதிராகப் போராடப்போவதில்லை என்று அவர் அறிவித்தபின், கீழவையைக் கலைக்கும் அதிகாரத்தை மூன்றாம் குடியரசின் எந்தத் தலைவரும் பயன்படுத்தவில்லை. பதவியை நீக்க இயலாதவர், அதில் அமர்ந்துகொண்டே அதைச் சிறிதாக்கிவிட்டார் எனலாம்.

சிறிதான பதவிக்குப் பெரியவர்கள் வேண்டாம் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. கிரெவியின் மருமகன் அரசு விருதுகளை விலைக்கு விற்ற ஊழலில் சிக்கியதால் 1887 டிசம்பரில் கிரெவி விலக நேர்ந்தபோது, இலவசக் கட்டாயக் கல்விச் சட்டங்களைத் தந்த ஜூல் ஃபெரி அடுத்த தலைவராகக்கூடும் என்று பலர் கருதினர். ஆனால் வட வியட்நாமில் நடந்த தொங்கின் போரால் அவர்மீது வெறுப்பு மண்டியிருந்தது. அவர் வந்தால் பாரிசில் கலகம் மூளும் என்ற பேச்சும் பரவியது. முதற்சுற்றில் கார்னோவுக்கு 303, ஃபெரிக்கு 212 என்று வாக்குகள் பிரிந்தன. ஃபெரி ஒதுங்கிக்கொள்ள, இரண்டாம் சுற்றில் கார்னோ 616 வாக்குகள் பெற்றார். பொறியாளரும் நேர்மையாளருமான கார்னோவுக்கு, புரட்சிக்காலப் படைகளை அமைத்த லசார் கார்னோவின் பேரர் என்ற குலப்பெருமை இருந்தது, பகைவர்கள் இல்லை. லூபே, ஃபாலியேர், தூமேர்க், தூமேர், லெப்ரன் ஆகிய ஐவரும் செனட்டின் தலைவர் இருக்கையிலிருந்து நேரே குடியரசுத் தலைவரானவர்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அவையை நடத்துபவர் எல்லோருக்கும் முகம் கொடுத்துப் பேசுபவர், எவருடைய கோரிக்கையையும் முகத்திலடித்து மறுக்கும் நிலையில் இல்லாதவர்.

பெரியவர்களைத் தவிர்க்கும் இவ்வழக்கத்தை மீறிய தேர்தல் ஒன்று உண்டு. 1913இல் குடியரசுவாதக் கட்சியினர் முன்கூட்டியே தமக்குள் நடத்திய வாக்கெடுப்பில், பிரதமராக இருந்த ரேமோன் புவான்காரேயைவிட, சிகரெட்டுத் தாள் ஆலை அதிபரின் மகளை மணந்து செல்வரான வேளாண் அமைச்சர் ஜூல் பம்ஸ் முன்னணியில் வந்தார். அதில் பின்தங்கியவர் விலகிக்கொள்ளும் மரபுப்படி புவான்காரே ஒதுங்க வேண்டும் என்று முன்னாள் பிரதமர் கிளெமென்சோ நேரில் வற்புறுத்தியும் அவர் இணங்காமல் வெர்சாயில் போட்டியிட்டு, வலதுசாரிகளின் வாக்குகளும் சேர, 483க்கு 296 என்று வென்றார்.

மரபின் பெயரால் பிறரை ஒதுங்கச் சொன்ன கிளெமென்சோவுக்கே ஏழாண்டு கழித்து அந்த மரபு வினையாக வந்தது. முதல் உலகப் போரின் இறுதியாண்டில் பிரதமராக நின்று நாட்டை வெற்றிக்கு நடத்திச் சென்ற அவரை மக்கள் வெற்றித் தந்தை என்று கொண்டாடினர்; 1920 ஜனவரியில் அவரை விடத் தகுதியானவர் யார் என்று நாடே கேட்டிருக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்களின் கணக்கு வேறாக இருந்தது. சமயச் சார்புள்ளவர்கள் அவருடைய திருச்சபை எதிர்ப்பை மறக்கவில்லை; சமதர்மக் கட்சியினர் அவர் வேலைநிறுத்தங்களை ஒடுக்கியதை மறக்கவில்லை; எள்ளலால் அவர் புண்படுத்திய உறுப்பினர்களோ எல்லாக் கட்சிகளிலும் இருந்தனர். ஜனவரி 16ஆம் நாள் லுக்சம்பூர் மாளிகையில் நடந்த முன்னோட்ட வாக்கெடுப்பில், கீழவைத் தலைவர் போல் தெஷானெல் 408, கிளெமென்சோ 389. வெறும் 19 வாக்கு குறைந்ததும் கிளெமென்சோ தம் பெயரை விலக்கிக்கொண்டார். மறுநாள் வெர்சாயில் தெஷானெலுக்கு 734 வாக்குகள் குவிந்தன. சீட்டு ரகசியமானதால், வெற்றித் தந்தையை வீட்டுக்கு அனுப்பியவர் யார் என்று எவரும் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நயமாகப் பேசவும் உடுக்கவும் தெரிந்த தெஷானெல், அவ்வாண்டு மே 23ஆம் நாள் இரவு மோன்பிரிசோனுக்குச் சென்றுகொண்டிருந்த ரயிலின் சன்னல் வழியாக, உறங்கும் உடையில், இருளில் விழுந்துவிட்டார். வண்டி மெதுவாகச் சென்றதால் பெருங்காயம் இல்லை. வெறுங்காலோடு தண்டவாள ஓரமாக நடந்த அவர், எதிர்ப்பட்ட ரயில்வே தொழிலாளியிடம் தாம் குடியரசுத் தலைவர் என்று சொல்ல வேண்டியிருந்தது. ரயில்வே கடவுக் காவலரின் வீட்டில் அவருக்குப் படுக்கை கிடைத்தது. நோயுற்றிருந்த அம்மனிதரைக் கேலிப்பாட்டுகள் விடவில்லை. செப்டம்பரில் அவர் பதவி விலகினார். கிளெமென்சோவைப் போலவே, 1931இல் வெளியுறவு அமைச்சரும் நோபல் அமைதிப் பரிசு பெற்றவருமான அரிஸ்தீத் பிரியானும் இதே மண்டபத்தில் முதற்சுற்றிலேயே தூமேரிடம் பின்தங்கி ஒதுங்கினார்.

1940இல் குடியரசு வீழ்ந்து, போருக்குப்பின் நான்காம் குடியரசு வந்தபோதும் இந்தத் தேர்தல் முறை மாறவில்லை. 1947 ஜனவரியில் வென்சான் ஓரியோல் முதற்சுற்றிலேயே 452 வாக்குகளுடன் வென்றார். 1953 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய அடுத்த தேர்தலோ வேறு கதையாயிற்று. மேற்கு ஜெர்மனியையும் சேர்த்து ஆறு நாடுகளின் படைகளை ஒன்றாக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம் என்ற ஒப்பந்தம், கட்சிகளை மட்டுமன்றிக் கட்சிகளின் உட்புறத்தையும் பிளந்திருந்தது. அதை ஆதரித்தவருக்கு எதிர்ப்பாளர் வாக்களிக்கமாட்டார்; எதிர்த்தவருக்கு ஆதரவாளர் வாக்களிக்கமாட்டார். நார்மண்டியின் நெசவாலை முதலாளியும் பதவியிலிருந்த பிரதமருமான ஜோசஃப் லனியேல் ஒரு சுற்றில் 430 வாக்குகள்வரை ஏறியும் பாதியைத் தாண்டவில்லை; சமதர்மக் கட்சியின் மார்செல் நேஜலனும் தாண்டவில்லை. சுற்றுக்குச் சுற்று பெயர்கள் நுழைவதும் விலகுவதுமாக, ஒரு நாளைக்கு இரண்டு சுற்று என்று பாரிசுக்கும் வெர்சாய்க்கும் உறுப்பினர்கள் அலைய, கிறிஸ்துமஸ் நெருங்கியது. பத்துச் சுற்றுகளுக்குப்பின் லனியேல் விலகினார்.

அப்போதுதான் லெ ஆவ்ர் நகரத்தவரும் மேலவையின் துணைத்தலைவருமான ரெனே கோத்தியின் பெயர் எழுந்தது. 71 வயதான அவர், பாதுகாப்புச் சமூகம் பற்றிய விவாதத்தின்போது அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓய்விலிருந்ததால், அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒரு சொல்லும் சொல்லாதவர். பன்னிரண்டாம் சுற்றில் 431 வாக்குகள் பெற்ற அவர், டிசம்பர் 23ஆம் நாள் பதின்மூன்றாம் சுற்றில் 477 வாக்குகளுடன் தலைவரானார். பதின்மூன்று சுற்று என்ற எண்ணிக்கை உலகெங்கும் நகைப்புக்கு இடமாயிற்று. நகைத்தவர்கள் உறுப்பினர்களைக் குறை கூறினர். ஆனால் பின்தங்கியவரை விலக்காமல் பெரும்பான்மையை மட்டும் கேட்கும் விதியே முதற்குற்றவாளி என்று கூறுவதுதான் நியாயம். அந்த நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் கீழவை இடத்தை வகித்தவர் எதுவார் குபேர். பின்னாளில் இந்தியாவோடு இணைந்த புதுச்சேரியின் முதலமைச்சரான அவர் பெயரையே அந்நகரின் கடற்கரைச் சாலையும் பெரிய அங்காடியும் இன்று தாங்கி நிற்கின்றன.

எவருக்கும் அச்சமூட்டாதவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோத்தி, 1958 மே மாதத்தில் அல்ஜீரியாவில் படையினர் கிளர்ந்தெழுந்தபோது, படைத்தளபதி சார்ல் தெ கோலை அரசமைக்க அழைக்கப்போவதாகவும், நாடாளுமன்றம் அதை ஏற்காவிட்டால் தாம் பதவி விலகப்போவதாகவும் அறிவித்தார். தெ கோல் வந்தார். நான்காம் குடியரசு முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்களோடு மாவட்ட மன்றத்தினர், நகரத் தலைவர்கள், ஊர் மன்றப் பிரதிநிதிகள் என்று ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட தேர்வாளர் குழு அவரைத் தலைவராக்கியது. 1962இல் அக்குழுவும் வேண்டாம், மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அவர் முன்மொழிந்தபோது, லூயி நெப்போலியனின் நினைவு மன்றத்தில் மறுபடி எழுந்தது. அக்டோபர் 5ஆம் நாள் கீழவை அவருடைய பிரதமர் பொம்பிதுவின் அரசைக் கவிழ்த்தது. தெ கோல் கீழவையைக் கலைத்தார்; அக்டோபர் 28ஆம் நாள் பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 62 பேர் அவர் பக்கம் நின்றனர்.

வெர்சாய் மண்டபம் பூட்டப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியபோது இரு அவைகளின் உறுப்பினர்களும் இன்றும் அங்கே கூடுகிறார்கள். 2008 ஜூலையில், தேவையான 538 வாக்குகளுக்கு ஒன்று கூடுதலாக 539 வாக்குகள் பெற்று ஒரு திருத்தம் அங்கே நிறைவேறியது. தலைவரின் பெயர் எழுதிய சீட்டுகள் மட்டும் 1953க்குப்பின் அங்கே விழவில்லை.