தமிழுக்கேற்ற கருவியா? கருவிக்கேற்ற தமிழா?

(திருவதிகையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



திருவதிகையில் கூடியிருப்போர்க்கு நெய்வேலியின் வரலாறு புதிதன்று. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1961இல் கரிப்படுகை வெளிப்பட்டது. கரியின்மேல் கடலூர் மணற்பாறை. கரியின்கீழ் அழுத்தம் மிக்க ஊற்றுநீர். வெளிநாட்டிலிருந்து வந்த சக்கர அகழ்பொறிகளின் பற்கள் அப்பாறையில் தேய்ந்தன. பொறிக்காகப் பாறை தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. பாறைக்கேற்பப் பற்களே மாற்றப்பெற்றன. மண்ணின் இயல்பை முதலில் அறிதல், கருவியைப் பின்னர் அமைத்தல் என்பதே அங்குக் கற்ற பாடம்.

அப்பாடம் கணினித் துறைக்கும் வேண்டுவதாகும். ஓர் அலுவலகக் கணினி மற்றோர் அலுவலகக் கணினியை இணையவழி வினவி விடைபெறும் ஏற்பாட்டை இணையச் சேவை என்பர். வினாவும் விடையும் மடல்களாகச் செல்லும். அம்மடல்களை எழுதப் பயன்படுவது, 1998ஆம் ஆண்டு பிப்பிரவரி 10ஆம் நாள் வெளியிடப்பெற்ற எக்சு.எம்.எல். என்னும் குறிமொழி. ஒவ்வொரு செய்தியும் தொடக்கக்குறி ஒன்றுக்கும் முடிவுக்குறி ஒன்றுக்கும் இடையே நிற்கும். ஆனால் நிரல் தன் நினைவகத்தில் வைத்து ஆள்வது வகுப்புகளையும் அவற்றின் உறுப்புகளையுமே. மடலை நிரலின் உறுப்பாகவும், உறுப்பை மடலாகவும் மாற்றும் வேலைக்குத் தரவுப் பிணைப்பு என்று பெயர். அதற்கு வழிகள் மூன்று.

முதலாவது, நிரலை முன்னர் எழுதி, அதிலிருந்து மடலின் அமைப்பைக் கருவியே வகுத்துக்கொள்ள விடுதல். இது விரைவானது. எனினும் மடல் நிரலின் நிழலாகிவிடும். நிரலாளர் உள்ளே ஒரு பெயரை மாற்றின், எதிர்முனையிலுள்ள அலுவலகத்தின் வேலை நின்றுபோகும்.

இரண்டாவது, மடலின் வரையறையை முன்னர் எழுதி, அதிலிருந்து வகுப்புகளைக் கருவியால் ஆக்குதல். மடல் நிலைபெறும். ஆயின் வரையறை மாறுந்தோறும் வகுப்புகளை மீண்டும் ஆக்கல் வேண்டும். அவற்றைச் சார்ந்த நிரலையும் திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வரையறையையும் வகுப்பையும் தனித்தனியே நிறுத்தி, எது எதனோடு பொருந்தும் என்பதை வேறோர் ஏட்டில் எழுதுதல். காசுடர், சிபெக்சு ஆகிய கருவிகள் இவ்வழியை வளர்த்தன. உழைப்பு மிகுதி, ஆனால் ஒன்று மாறினும் மற்றொன்று குலையாது.

இதில் தமிழர்க்கு என்ன கவலை எனின், தம் பெயரையே எடுத்துப் பார்க்கட்டும். அயலார் எழுதிய வகுப்பொன்று தற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிறது. தமிழனுக்கோ குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முன்னெழுத்தே உண்டு. முதல் வழியில் சென்றால் அவ்வயல் வகுப்பே மடலின் சட்டமாகும். தந்தை பெயர் குடும்பப்பெயராகத் திரியும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுமாறு 2021இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. தாளில் வென்ற அவ்வுரிமை கணினியுள் தோற்றல் ஆகாது.

குறிகளின் பெயர்களையும் தமிழில் எழுதவியலும். 1998இன் முதற்பதிப்பே தமிழெழுத்துகளைக் குறிப்பெயர்களில் ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்பது விதியன்று, பழக்கமே. ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் ஆகாரக் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வேறுவேறு. ‘தொகை’ என்னும் தொடக்கக்குறியை ஒருவகையிலும் முடிவுக்குறியை மறுவகையிலும் எழுதினால் பொறி மடலையே ஏற்க மறுக்கும். ஆகலின் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிய பின்னரே அனுப்புதல் வேண்டும்.

கருவியைச் சட்டமாக்குவதன் தீங்கைத் தமிழ் முன்னரே பட்டறிந்துள்ளது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியீடு வைத்திருந்த காலத்தில் அச்சேறிய பக்கங்கள், அவ்வெழுத்துரு மறைந்தபின் திரையில் பொருளற்ற கிறுக்கல்களாயின. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபின்னரே பொதுவழி உறுதிப்பட்டது. பிணைப்புக் கருவிகளும் அத்தகையனவே. சாவா மொழி 2006இல் தன்னுள் சேர்த்துக்கொண்ட சாக்சுபி என்னும் கருவி, 2018இல் அம்மொழியின் 11ஆம் பதிப்பிலிருந்து நீக்கப்பெற்றது; 2020இல் அதன் உட்பெயர்களே மாறின. கருவியை நம்பியோர் நிரலைத் திருத்த அலைந்தனர். வரையறையை நம்பியோரின் மடல்களோ அவ்வாறே நின்றன.

எனவே செய்யத்தக்கது இது. ஓர் அலுவலகத்தின் உள்வேலைக்கும், நாளை மறையும் சிறுபணிக்கும் முதல்வழி போதும். அலுவலகங்களுக்கிடையே ஓடும் மடலாயின், வரையறையை முன்னர் தமிழியல்புக்கேற்ப எழுதுக. இரண்டாம் வழியைக் கொள்க. வரையறையும் நிரலும் வெவ்வேறு கைகளில் வளருமாயின் மூன்றாம் வழியே தக்கது. நாவுக்கரசர் முதற்பதிகம் பாடிய இவ்வூரின் தேவாரம் போன்ற நூல்களுக்கோ பிணைப்பே வேண்டா. அடிக்கிடையே பாடவேறுபாடும் குறிப்பும் கலந்துவரும் ஏட்டை வகுப்புகளுள் திணித்தால் வரிசை குலையும். அதனை நேரே படிக்கும் நிரலே நன்று.

இன்று இணையச் சேவைகள் பல சேசான் என்னும் எளிய வடிவுக்கு மாறிவிட்டன. வடிவு மாறினும் வினா மாறவில்லை. மடலின் பொருளை வரையறுப்பவர் யார்? கருவி விற்போரா, மொழிக்குரியோரா?

தமிழிளைஞர்களே! நிரலின் முதல் வரியை எழுதுமுன் வரையறையின் முதல் வரியை எழுதுக. அதனைத் தமிழில் எழுதுக!