ஓடும் பிள்ளையின் கணுக்கால்



சமவெளியிலிருந்து எங்கள் மலைநாட்டிற்கு வருகின்ற நண்பர்கள் என்னிடம் தவறாது கூறும் வார்த்தை ஒன்று உண்டு. "உங்கள் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி எதற்கு? நாள்தோறும் மலையேறி இறங்குவதே போதுமே" என்பர். லயத்திலிருந்து பாடசாலைக்கு வருகின்ற ஒற்றையடிப் பாதையையும், அதிலே புத்தகப்பையோடு துள்ளி இறங்கும் சிறுவர்களையும் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் ஏற்றப் பாதை நல்ல ஆசான்தான். அதில் ஐயமில்லை.

ஆயினும், அந்த வார்த்தையை நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை. சரிவிலே நடக்கும் கால் சிறு அடியாக எடுத்து வைக்கின்றது. எந்தக் கல் ஆடும், எந்த இடம் வழுக்கும் என்பதை அது பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்திருக்கின்றது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டிக்கொண்டு ஈரச் சரிவில் இறங்கும் தாய்மாரைப் பாருங்கள், அவர்கள் அவசரப்படுவதில்லை. விளையாட்டு மைதானத்தின் கதை வேறு. அங்கே முழு வேகத்தில் ஓடவேண்டும், ஓடியபடியே திரும்பவேண்டும், எழும்பிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கவும் வேண்டும். மலைப்பாதை கற்பிக்காத பாடங்கள் இவை.

நான் மருத்துவன் அல்லன். வரலாறும் தமிழும் கற்ற கலைப் பட்டதாரி. உடற்பயிற்சி நூல்களைப் பிற்காலத்தில், அதுவும் எனது தவறு ஒன்றின் காரணமாகவே, திறந்தவன். அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அப்போது நான் வேறொரு தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியன். விளையாட்டுக்கென ஆசிரியர் எவரும் இல்லாமையால் அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. எங்கள் வலைப்பந்தாட்ட அணியில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் பந்தைப் பிடிக்க எழும்பும் அழகைக் காண்பதற்கென்றே பக்கத்துத் தோட்டத்தவர் வருவர். கோட்ட மட்டத்தில் வென்றோம். வலய மட்டப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையில் அவளுடைய கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிந்தது. "வலியில்லைங்க சேர்" என்றாள். ஆடவிட்டேன். மீண்டும் பிசகியது. துணியைச் சுற்றிக் கட்டி மீண்டும் ஆடவிட்டேன். வலயப் போட்டியின் மூன்றாவது பகுதியில் உயர எழும்பிப் பந்தைப் பற்றியவள் ஒற்றைக் காலில் வந்திறங்கினாள். எவரும் அவளைத் தொடவுமில்லை, தள்ளவுமில்லை. முழங்கால் உட்புறமாக மடங்கியது, அவ்வளவுதான். முழங்காலுக்குள்ளே எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார் அறுந்துவிட்டதென்று பின்னர் வைத்தியர் கூறினார்.

கணுக்காற் பிசகே முழங்காலைக் கெடுத்தது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் நிலையற்ற காலோடு அவளை ஆடவிட்டவன் நான். இறங்குவது எப்படி என்று ஒரு நாளும் அவளுக்குக் கற்பியாதவனும் நானே. அவள் படிப்பை நிறுத்தி மலைக்கு வேலைக்குப் போனாள். கூடையோடு இறங்கும்போது அந்தக் கால் இன்றும் சில வேளைகளில் விலகிக்கொள்கிறதென்று அறிகின்றேன். ஒரு பதக்கத்தோடு முடிந்துபோகும் காரியமாக நான் எண்ணியது, ஒரு பெண்ணின் நாட்கூலியோடு சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

அன்பர்களே, கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் தவறுவதில்லை. உடலின் உறுப்புகள் எங்கே எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் கண்ணின் உதவியின்றியே மூளைக்கு அறிவிக்கும் உணர்வு ஒன்று தசைகளிலும் மூட்டுகளிலும் உண்டு. 1906ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் அதற்குத் தனிப்பெயரிட்டார். நாம் தன்னிலை உணர்வு என்று சொல்லலாம். கணுக்கால் பிசகும்போது நார் மட்டும் காயப்படுவதில்லை. இந்த உணர்வும் மழுங்குகின்றது. வீக்கம் வடிந்து வலி தீர்ந்த பின்னரும் கால் ஏன் "விட்டுக் கொடுக்கிறது" என்று ஆராய்ந்த ஃபிரீமன் என்ற எலும்பு வைத்தியரும் அவருடைய துணைவர்களும், 1965இல் இந்தக் கருத்தை வெளியிட்டனர். அவர்கள் காட்டிய மருந்து மாத்திரையன்று. ஆடும் பலகை ஒன்றின்மேல் நின்று பழகுவது. அந்த ஆட்டத்தைச் சமாளிக்கச் சமாளிக்கக் கால் தன் பழைய அறிவை மீட்டுக்கொள்கின்றது. "வலியில்லைங்க சேர்" என்று அந்தப் பிள்ளை சொன்னது பொய்யன்று. வலி இல்லாமையும் குணமடைதலும் ஒன்றல்ல என்பதை அறியாதிருந்தவன் நானே.

அத்தகைய பலகை ஒன்றை எங்கள் பாடசாலைக்கு ஒரு தச்சர் செய்து தந்தார். ஒன்றரை அடிச் சதுரப் பலகை, அடியிலே அரைப்பந்து வடிவக் கட்டை, வேறொன்றுமில்லை. அதுவும் இல்லாதவர்கள் கோணிச் சாக்கை நாலாக மடித்து அதன்மேல் நிற்கலாம். முதலில் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் அரை நிமிடம். பின்னர் கண்களை மூடிக்கொண்டு. பின்னர் பந்தைப் பிடித்தெறிந்தபடி. அதிபர் அறையிலே அந்தப் பலகை கிடந்த ஒரு வாரத்தில், கணிதபாட ஆசிரியர் உட்பட எங்களில் எவராலும் பத்து வினாடிக்கு மேல் நிற்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

இனி வலிமை. பிள்ளைகள் பாரம் தூக்கினால் வளர்த்தி குன்றிவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். முறையறிந்தவர் மேற்பார்வையில், அளவோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களை வாரத்தில் மூன்று நாட்களாவது செய்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. ஓட்டமும் பாய்தலும் உண்மையில் ஒற்றைக் கால் வேலைகள். 1958இல் தோக்கியோ நகரில் உயரம் பாய்தலில் வென்று, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதலாவது தங்கத்தைப் பெற்றுத்தந்த எங்கள் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களும் தம் முழு உடலையும் ஒரு காலால்தானே எழுப்பினார்!

டென்மார்க் ஆய்வாளர் சிலர் 2014இல், இருபத்தைந்து ஆய்வுகளை, அவற்றிலே பங்குபற்றிய 26,610 பேரின் விவரங்களோடு ஒன்றாக வைத்து ஆராய்ந்தனர். வலிமைப் பயிற்சி செய்தோரிடம் விளையாட்டுக் காயங்கள் மூன்றிலொரு பங்கிற்கும் கீழே குறைந்தன. சமநிலைப் பயிற்சி ஏறத்தாழப் பாதியளவிற்குக் குறைத்தது. ஆனால் நாம் போட்டிக்கு முன்னர் பக்தியோடு செய்விக்கின்ற, தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி மட்டும் காயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று, இத்தனை ஆண்டுகளாக நான் வரிசையில் நிறுத்திக் குனிந்து நிமிரச் சொன்ன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

குறுந்தூர ஓட்டக்காரரை வாட்டுவது தொடையின் பின்புறத் தசை. இறக்கத்தில் நடப்பது தொடையின் முன்புறத்தையே பெரிதும் உழைக்கச் செய்வதால், எங்கள் பிள்ளைகளிடம் பின்புறம் பின்தங்கி நிற்பதாக நான் காண்கின்றேன். இது ஆய்வன்று, என் கண்ணளவு. அதற்குரிய பயிற்சிக்கு ஒரு காசும் வேண்டாம். பிள்ளை முழந்தாளிட்டு நிற்க, தோழன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கவேண்டும். உடலை நேராக வைத்தபடி, விழுவதைத் தடுத்துத் தடுத்து, மிக மெதுவாக முன்னே சாயவேண்டும். இதனைச் செய்யும் அணிகளில் அத்தசைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளன. முதல் வாரத்தில் மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம். மறுநாள் தசை நோகும். பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள்.

முழங்காலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வலைப்பந்தாட்டத்தில் பந்தோடு இறங்கியவர் ஓடிச் செல்ல முடியாது. விதி அவரை அங்கேயே நிறுத்திவிடுகின்றது. எனவே இறங்குவதே அவ்விளையாட்டின் பாதிக் கலை. இறங்கும்போது இடுப்பும் முழங்காலும் மடியவேண்டும், முழங்கால் பாதத்தின் நேர்மேலே நிற்கவேண்டும், உட்புறம் சாயக்கூடாது. பெண்பிள்ளைகளுக்கு இந்த நார் அறுதல் ஆண்பிள்ளைகளை விட அதிகம் நேர்வதால், அவர்களுக்கு இதைக் கற்பித்தல் இரட்டிப்புக் கடமை. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி ஒன்றை வகுத்துள்ளது. நோர்வேயில் 13 முதல் 17 வயதுள்ள பெண்பிள்ளைகளின் 125 கழகங்களில் இதனைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஓட்டம், ஒற்றைக்கால் நிலை, தாவி இறங்குதல், சாய்தல் இவையே அதிலுள்ளவை. இருபது நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

"நேரம் எங்கே?" என்று ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகின்றது. இரண்டு வாரத்திற்கு முன்னர்தான் பிள்ளைகளை மைதானத்திற்கு அழைக்கின்றோம். இரண்டு வாரத்தில் தசை வலுவடைவதில்லை. களைப்புத்தான் சேர்கின்றது. மழைக்காலத்தில் மைதானம் சேறாகிக் கிடக்கும்போது மண்டபத்திலோ வராந்தாவிலோ செய்யக்கூடியவை இவை எல்லாம் என்பதை நினைவூட்டுகின்றேன்.

எங்கள் பக்கத்தில் கால் பிசகியவுடன் எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துச் "சுளுக்கு எடுப்பவர்" உண்டு. அவர்களிற் சிலர் என் உறவினர், கோபிக்கவேண்டாம். முதலிரண்டு நாட்களில் அழுத்தித் தேய்த்தலும் சூடு வைத்தலும் வீக்கத்தைப் பெருக்கும். பனிக்கட்டி கிடைக்காதே என்பீர்கள். பீலித் தண்ணீரின் குளிர்ச்சியை விடவா பனிக்கட்டி? ஈரத்துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றி வையுங்கள். துணியால் அளவாகக் கட்டிக் காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்கவும் முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பையே தொடும்போது நொந்தால், வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுப்பதே வழி.

இத்தனையும் சொன்ன பின்னர் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. வெறும் தேநீரும் ரொட்டித் துண்டுமாக வருகின்ற பிள்ளையிடம் வலிமைப் பயிற்சி செய் என்பது நியாயமா? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்திலோ 31.7. முட்டையும் பருப்பும் கௌப்பியும் இல்லாத இடத்தில் தசை எதைக்கொண்டு வளரும்? ஆதலால் எங்கள் பாடசாலையில், காலையுணவு கொள்ளாத பிள்ளை அன்று பயிற்சிக்கு இறங்குவதில்லை; முதலில் அவிந்த கடலை, பிறகே மைதானம். அந்தக் கடலைக்குப் பழைய மாணவர்கள் மாதந்தோறும் பணம் அனுப்புகின்றனர்.

பிசகிய கால் மீண்டும் ஆடலாமா என்பதை இப்போது நான் பிள்ளையின் வாயைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. காயப்பட்ட காலில் கண்மூடி நிற்கச் சொல்கின்றேன். பின்னர் அக்காலாலேயே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தத்தச் சொல்கின்றேன். மற்றக் காலைப்போல அது செய்தாலன்றி அணியில் பெயர் எழுதப்படுவதில்லை. சென்ற வருடம் வலயப் போட்டிக்கு முதல்நாள் எங்கள் சிறந்த ஆட்டக்காரி இந்தச் சோதனையில் தேறவில்லை. அவளில்லாமலே சென்றோம், தோற்றோம். அவளுடைய தந்தை மறுநாள் அதிபர் அறைக்கு வந்து என்னோடு வாதாடினார். அவருக்கும் அந்தப் பலகையில் ஏறி நின்று பார்க்கச் சொன்னேன்.