சூரனும் மோதிரமும்

(கந்தசஷ்டி காலத்தில் மன்ற உறுப்பினர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



சூரன் போரன்று சூரனைத் தோளிலே சுமந்து வீதியெங்கும் ஆட்டுகிறவர்கள் நீங்கள். யானைத்தலையும் சிங்கத்தலையும் விழுந்து, மாமரம் பிளந்து, சேவலும் மயிலும் தோன்றுவதைக் கிட்ட நின்று காண்பவர்களும் நீங்களே. ஆகையால் அவனைப்பற்றி உங்களோடு பேச விரும்பினேன்.

டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எழுதி 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' கதையை உங்களிற் சிலர் படமாகப் பார்த்திருப்பீர்கள். தீயவன் ஒருவன் செய்த மோதிரம். தன்னை வைத்திருப்பவனை அது கெடுத்துவிடும். பேரறிவாளனான கண்டால்வ் அதைக் கொடுத்தபோதும் வாங்க மறுக்கிறான். நன்மை செய்யும் ஆசையே தன்னைக் கெடுத்துவிடும் என்பது அவன் அச்சம். அதை எரிமலைவரை சுமந்த புரோடோவும் முடிவில் எறிய மனமின்றித் தனக்கே என்கிறான். அந்த வல்லமைக்கு அழிவைத் தவிர வேறு கதி இல்லை.

கந்தபுராணம் அப்படிச் சொல்லவில்லை. சூரனின் வல்லமை தவத்தால் வந்தது, கொடுத்தவர் சிவபெருமான். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் அந்த வரத்திலே நஞ்சில்லை. தேவரை மீன் சுமக்க வைத்ததும், சயந்தனைச் சிறையிட்டதுமே குற்றம். தேவர்களும் தூயவர்களல்லர், தக்கன் வேள்விக்குப் போன பழி அவர்களுக்கு உண்டு. மோதிரம் நெருப்பில் உருகிப்போகிறது. சூரனோ மயிலாகிப் பெருமானைச் சுமக்கிறான், சேவலாகிக் கொடியில் நிற்கிறான்.

புராணபடிப்புக் கேட்ட பெரியோர்களுக்கு இது புதிதல்ல. என்னை வருத்துவது வேறொரு கேள்வி. வல்லமை நம்மவன் கையில் இருந்து, அவன் செய்வது பிழையென்றும் தெரிந்தால் என்ன செய்வது?

சிங்கமுகன் போருக்கு முன்பே, தேவரை விட்டுவிடு என்று அண்ணனுக்குச் சொன்னான். ஏச்சு வாங்கினான், பின் அவனுக்காகவே களத்தில் மடிந்தான். பானுகோபன் முதலில் போரிட்டான். தோற்று வந்தபின் அதையே தந்தைக்குச் சொன்னான். அவனும் பேச்சு வாங்கி, மீண்டும் போய் மாண்டான். சொன்னவர்கள் யாரும் அந்நியரல்லர் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாமவன் இரணியன், சூரனின் இன்னொரு மகன். அவனும் சொன்னான், அவனும் போரிட்டான். ஆனால் தந்தையின் முடிவு நிச்சயமென்று கண்டதும், இறுதிக்கடன் செய்ய ஒருவன் எஞ்சவேண்டுமென எண்ணி, மீனுருவெடுத்துக் கடலில் மறைந்தான். எங்கள் பிள்ளைகள் இவனைக் கோழை என்று சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். புலவர் மூவருள் எவரையும் முழுதாகப் பழிக்கவுமில்லை, உயர்த்தவுமில்லை.

2009க்குப் பின் இந்த வன்னியிலே, கடன் செய்யப் பிள்ளை எஞ்சாத வீடுகள் இருக்கின்றன. காணாமற்போன பிள்ளைக்குக் கடன் செய்வதா, காத்திருப்பதா என்று தெரியாத தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் நின்று இரணியனைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பெரியோர்கள் வேறு நினைத்தால் சொல்லட்டும், கேட்க ஆயத்தமாக இருக்கிறேன்.