சுவர் காய்ந்த பிறகே பெயிண்ட்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெருநாளுக்கு முன்பும் கல்யாணத்துக்கு முன்பும் நம்மிடம் கடன் கேட்டு வருபவர்களில் பலர், "வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடிக்கணும்" என்கிறார்கள். இங்கே கிடைக்காவிட்டால் வட்டிக்கு வாங்குகிறார்கள். அடுத்த மழைக்குப் பெயிண்ட் உரிந்துவிடுகிறது, வட்டி மட்டும் நிற்கிறது. அதனால்தான் இன்று சுவரைப் பற்றிப் பேசுகிறோம்.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். நம் மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு சகோதரியின் வீட்டுக்கு, நீங்கள் கொடுத்த ஸதகா பணத்தில் பெயிண்ட் வாங்கி, நம் இளைஞர்கள் இரண்டே நாளில் அடித்து முடித்தார்கள். பெருநாளன்று வீடு பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை முடிந்தபோது, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் அப்பளம் போல உப்பி நின்றது. விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தச் சகோதரி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அது அமானிதப் பணம். நம் அவசரத்தால் வீணானது.

ஏன் அப்படி ஆனது? உரிந்த பெயிண்டுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்க்காமலே நமக்குத் தெரியும், அது உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறோம். தோலை ஊறப்போடும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது. பல பத்தாண்டுகளாகப் பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் அது கலந்து வந்ததைத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை கொண்டு போனது. அந்த போர் தண்ணீரில்தான் கொத்தனார் சிமெண்ட் குழைத்திருக்கிறார். போதாக்குறைக்கு, நாமும் பெயிண்ட் அடிக்கும் முன் அதே தண்ணீரை ஊற்றிச் சுவரைக் கழுவினோம். மொட்டை மாடி மழைநீர்க் குழாய் வேறு விரிசல் விட்டு, சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. ஈரம் வெளியேறும்போது உப்பையும் சேர்த்து மேலே இழுத்து வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பெயிண்டின் முதுகில் படிகமாகி அதைத் தள்ளிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் அதற்கு ஈடு கொடுக்காது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாயா, சன்ஷேடு விரிசலா, பாத்ரூம் சுவரா? அதை அடைக்காமல் ஒரு ரூபாய்க்கும் பெயிண்ட் வாங்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு முழ பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது உட்புறம் முத்து முத்தாக நீர் நின்றால், சுவர் இன்னும் தயாராகவில்லை. புதுப் பூச்சாக இருந்தால் நீராற்றிக் காய ஒரு மாதமாவது விடுங்கள்.

ஷூ கம்பெனிக்குப் போகும் குடும்பங்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது வசதிதான், இடையில் சுவர் காய நாள் கிடைக்கிறது.

முதல் ஞாயிறு முழுவதும் சுரண்டும் வேலை. உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. கம்பி பிரஷால் உலர்வாகத் தேய்த்துத் துடைத்து எடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பாசி பிடித்த இடத்துக்கு மட்டும் ப்ளீச்சிங் பவுடர் கரைசல் பூசி, சற்று நேரம் கழித்துத் தேய்த்து, குடிதண்ணீரால் அலசுங்கள். அதோடு ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பழைய வீட்டு ஜன்னல், கதவில் உள்ள எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 2017 நவம்பர் முதல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதை ஈரப்படுத்தித் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

விரிசலை அப்படியே பட்டி வைத்து மூடினால் மீண்டும் திறக்கும். கரண்டி முனையால் சற்று அகலமாகக் கீறி, தூசி தட்டி, வெளிச்சுவருக்கான பட்டியை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் இன்னும் துடைக்க வேண்டும்.

அடுத்து பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். இரண்டு கோட்டுக்குச் சாதாரணமாக லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். 30 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 300 சதுர அடி, ஐந்து ஆறு லிட்டர் போதும். 20 லிட்டர் வாளியைத் தூக்கி வரவேண்டியதில்லை. கலக்கும் தண்ணீர் காவிரிக் குடிநீராக இருக்கட்டும், அளவு டப்பாவில் போட்டபடி. நம் ஊர் வெயிலில் சூடான சுவரில் அடித்தால் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓதம் நிற்கவே நிற்காத பழைய வீடுகளுக்கு நம் யோசனை சுண்ணாம்புதான். தோல் ஷாப்பில் வேலை செய்த பெரியவர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அது சுவரை மூச்சுவிட விடும். ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டிவரும், ஆனால் செலவு குறைவு. சுண்ணாம்பு அடித்தால் ஏழை வீடு என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு கண்டிப்பு: தரைத்தளம் வரைதான் நீங்களே செய்வது. மாடிச் சுவருக்குச் சாரம் கட்டத் தெரிந்த பெயிண்டரை அழையுங்கள். மின்கம்பி அருகே இரும்பு ஏணி வைக்காதீர்கள். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். பெயிண்டிங் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டாம்.

மர ஏணி இரண்டு, ரோலர், கம்பி பிரஷ்கள் வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது.

அந்தச் சகோதரியின் வீட்டையும் மீண்டும் கையில் எடுத்திருக்கிறோம். குழாயை மாற்றியாகிவிட்டது, மூன்று பக்கம் பிரைமர் முடிந்தது. மேற்குச் சுவரில் போன வாரம் பாலிதீன் ஒட்டிப் பார்த்தோம், உள்ளே இன்னும் ஈரம். இன்ஷா அல்லாஹ், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்.

வஸ்ஸலாம்.